முதல் ஜோடிக்கு எந்த மார்ஃப்? பால் பைத்தான் இனப்பெருக்கம் தொடங்குவோருக்கு ஒரு முழு வழிகாட்டி

பால் பைத்தான் (ball python) என்ற ஆப்பிரிக்க மலைப்பாம்பை விற்கும் தளம் எதையாவது திறந்து பாருங்கள். பேஸ்டல், பனானா, கிளவுன், பைட், மொஹாவே, லெஸ்ஸர், என்ச்சி என்று மார்ஃப்களின், அதாவது நிற, கோல வகைகளின், பெயர்கள் கொட்டும். இரண்டு மூன்று சேர்ந்து இன்னொரு புதுப்பெயராகவும் வந்து நிற்கும். இதில் எது அழகு என்றால் பதில் சுலபம், உங்கள் கண்ணுக்குப் பிடித்ததுதான். ஆனால் முதன்முறை குட்டி எடுக்க எதை வாங்குவது என்பது வேறு கேள்வி. அதற்குத் தாயும் தந்தையும் அழகாக இருந்தால் போதாது. முட்டையிலிருந்து வரப்போகும் ஐந்தாறு குட்டிகளில் மிகச் சாதாரணமானது எப்படி இருக்கும், அதை யார் வாங்குவார் என்பதிலிருந்து பின்னோக்கி யோசிக்க வேண்டும். கீழே உள்ள எல்லாப் படிகளும் அந்தக் கணக்கை ஒட்டியே போகின்றன.

ஒரு குறிப்பு: விலை, பருவம், பழக்கம் பற்றிச் சொல்வதெல்லாம் அமெரிக்க, பிரிட்டிஷ் சந்தையை வைத்து. மார்ஃப் வளர்ப்பு வேர் பிடித்தது அங்கேதான். பிரிட்டனில் இதே பாம்பை ராயல் பைத்தான் என்பார்கள். இந்தியாவிலிருந்து படிப்பவர்கள் கடைசிக்கு முந்தைய சட்டப் பகுதியை முதலில் படித்துவிடுவது நல்லது.

இந்த நிறங்கள் எங்கிருந்து வந்தன

பால் பைத்தானின் சொந்த ஊர் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா. கானா, டோகோ, பெனின் ஆகிய மூன்று நாடுகளிலிருந்துதான் உலகச் சந்தைக்கு அதிகம் போயிருக்கிறது. சினைப்பாம்புகளையும் முட்டைகளையும் வயல்வெளிகளில் சேகரித்து, பொரிக்க வைத்துக் குட்டிகளாக ஏற்றுமதி செய்வது அங்கே நீண்டகால வழக்கம். ஆயிரக்கணக்கில் வரும் அந்தக் குட்டிகளில் எப்போதாவது ஒன்று விசித்திர நிறத்தில் இருக்கும். அதை வாங்கி வளர்த்து, குட்டிகளிலும் அந்த நிறம் வருகிறதா என்று பார்ப்பதைத்தான் ‘புரூவ் அவுட்’ என்கிறார்கள். 1992-ல் பாப் கிளார்க் அல்பினோவை அப்படி நிரூபித்தார். 1997-ல் பீட்டர் கால் பைபால்டை நிரூபித்தார். 1999-ல் கெவின் மெக்கர்லி ஸ்பைடரைக் கொண்டுவந்தார்.

இந்த வரலாறு இங்கே எதற்கு என்றால், விலைக்காக. அன்று ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்ற அல்பினோவும் பைபால்டும் இன்று சில நூறு டாலருக்குள் கிடைக்கின்றன. இன்று நீங்கள் குட்டியாக வாங்கும் பெண், முட்டையிடும் வயதுக்கு வர மூன்று வருடம் ஆகும். அதற்குள் இன்றைய விலை இறங்கியிருக்கும் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள். விலை பாதியானாலும் இந்தப் பாம்பு எனக்குப் பிடிக்குமா? இதற்கு ஆம் என்று சொல்ல முடியாத மார்ஃபைத் தொடாதீர்கள்.

படி 1: மரபணு எப்படிக் கடத்தப்படுகிறது என்று பிரித்துப் பார்ப்பது

பள்ளியில் மெண்டலின் பட்டாணிச் செடி படித்தது நினைவிருந்தால் பாதி வேலை முடிந்தது. பால் பைத்தான் மார்ஃப்களை மூன்று கூடையில் போடலாம்.

முதலாவது ஒடுங்கு மரபணுக்கள். அல்பினோ, பைபால்ட் (சுருக்கமாக பைட்), கிளவுன், ஆக்ஸாந்திக், டெசர்ட் கோஸ்ட் இந்த வகை. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதி கிடைத்தால்தான் நிறம் வெளியே தெரியும். ஒரு பிரதி மட்டும் உள்ள பாம்பு பார்க்க நார்மல், அதாவது இயல்பான காட்டுப் பாம்பின் நிறம். அதைத்தான் ‘ஹெட்’ என்கிறோம்.

இரண்டாவது, முழுமையற்ற ஓங்குத்தன்மை உள்ளவை. வளர்ப்பவர்கள் பேச்சில் இவற்றைக் ‘கோ-டாம்’ என்பார்கள். மரபியல்படி அது சரியான சொல் இல்லை, ஆனாலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. பேஸ்டல், மொஹாவே, லெஸ்ஸர், ஃபயர், என்ச்சி, யெல்லோபெல்லி, பனானா இங்கே வரும். ஒரு பிரதி இருந்தாலே தெரியும். இரண்டு பிரதி சேர்ந்தால் ‘சூப்பர்’ என்ற இன்னொரு தோற்றம் கிடைக்கும். சூப்பர் ஃபயர் கருங்கண் உள்ள வெள்ளைப் பாம்பு, சூப்பர் யெல்லோபெல்லி தந்த நிறத்து ஐவரி.

மூன்றாவது, முழு ஓங்கு மரபணு. பின்ஸ்ட்ரைப்பை இதில் சேர்ப்பார்கள். ஒரு பிரதி, இரண்டு பிரதி என்று பார்த்து வேறுபாடு சொல்ல முடியாது.

இதற்கு மேல் ஒரு நுணுக்கம் உண்டு. பெயர் வேறாக இருந்தாலும் சில மார்ஃப்கள் ஒரே மரபணு இடத்தின் வெவ்வேறு வடிவங்கள். மொஹாவே, லெஸ்ஸர், பட்டர், மிஸ்டிக், ஃபாண்டம் எல்லாம் ஒரே குடும்பம். மொஹாவேயையும் லெஸ்ஸரையும் சேர்த்தால் குட்டிகளில் கால் பங்கு நீலக்கண் வெள்ளைப் பாம்பாக வரும். அந்த வெள்ளைப் பாம்பை வளர்த்து நார்மலோடு சேர்த்தால் ஒரு குட்டிகூட நார்மலாக வராது. ஒவ்வொன்றும் மொஹாவேயாகவோ லெஸ்ஸராகவோதான் இருக்கும். முதல்முறைக்காரருக்கு இது பெரிய சௌகரியம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஆக்ஸாந்திக்கில் விபிஐ, டிஎஸ்கே, எம்ஜே என்று வளர்ப்பவர்கள் பெயரில் தனித்தனி வம்ச வழிகள் இருக்கின்றன. கறுப்பு-வெள்ளைத் தோற்றம் ஒன்றுதான், ஆனால் விபிஐயையும் டிஎஸ்கேயையும் சேர்த்தால் எல்லாக் குட்டியும் நார்மலாக வந்து நிற்கும். எந்த வழி என்று எழுதிக் கொடுக்காதவரிடம் ஆக்ஸாந்திக் வாங்காதீர்கள்.

படி 2: வேண்டாதவற்றை முதலில் நீக்குவது

அழகைப் பார்க்கும் முன்பே சிலவற்றை அடித்துவிட வேண்டும். இதில் எனக்குத் தயக்கம் இல்லை.

ஸ்பைடர். மெல்லிய கறுப்புக் கோடுகள், பொன்னிற உடல், பார்க்க அத்தனை அழகு. ஆனால் அந்த மரபணுவோடு தலை ஆட்டமும் சேர்ந்தே வருகிறது. உட்செவி சரியாக உருவாகாததுதான் காரணம் என்று ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சில பாம்புகளில் லேசான நடுக்கம்தான் இருக்கும். சிலவோ தலைகீழாகத் திருகிக்கொள்ளும், இரையைக் குறி தவறிக் கொத்தும். தாய் தந்தையில் லேசாக இருப்பதால் குட்டியிலும் லேசாக இருக்கும் என்ற உறுதி கிடையாது. நல்ல வழியில் வளர்த்தால் போய்விடும் என்று சொல்பவரை நம்பாதீர்கள். பெயரில் ஸ்பைடர் என்று இல்லாமலும் அது உங்கள் வீட்டுக்கு வந்துவிடும்: பம்பிள்பீ என்றால் பேஸ்டல் ஸ்பைடர், கில்லர் பீ என்றால் சூப்பர் பேஸ்டல் ஸ்பைடர், ஸ்பின்னர் என்றால் பின்ஸ்ட்ரைப் ஸ்பைடர். கூட்டுப்பெயர் எதைக் கண்டாலும் உள்ளே என்னென்ன மரபணு என்று பிரித்துக் கேளுங்கள்.

ஷாம்பெயின், ஹிடன் ஜீன் வோமா இரண்டிலும் இதே ஆட்டம் உண்டு. இவற்றின் சூப்பர் வடிவம் பிழைப்பதில்லை. ஷாம்பெயினும் ஸ்பைடரும் ஒன்றாகச் சேர்ந்த குட்டியும் பிழைப்பதில்லை.

டெசர்ட். பிரகாசமான பாம்பு. ஆனால் இதன் பெண்கள் முட்டை இட முடியாமல் சிக்கிக்கொண்டு உயிரையே விடுவதுண்டு. ஆண் டெசர்ட்டை மட்டும் வைத்து ஓட்டலாம் என்பார்கள். பிறக்கும் டெசர்ட் பெண்களை யாரிடம் கொடுப்பீர்கள்? டெசர்ட் கோஸ்ட் இதோடு தொடர்பே இல்லாத வேறொரு ஒடுங்கு மரபணு, அதில் இந்தப் பிரச்சினை இல்லை. பெயர்க் குழப்பத்தில் நல்லதை ஒதுக்கிவிடவும் வேண்டாம், கெட்டதை வாங்கிவிடவும் வேண்டாம்.

கேரமல் அல்பினோவில் முதுகெலும்பு வளைவு வருகிறது. சூப்பர் சின்னமன், சூப்பர் பிளாக் பேஸ்டல், இவை இரண்டும் கலந்த எயிட் பால் ஆகியவற்றில் வாத்து மூக்கு போன்ற தாடையும் முதுகு வளைவும் வரக்கூடும். ஒற்றைப் பிரதி சின்னமனில் குறை ஒன்றும் இல்லை, சின்னமனையும் சின்னமனையும் சேர்க்காதவரை. லெஸ்ஸர், பட்டரின் சூப்பர் வடிவங்களில் கண் பிதுங்கிய குட்டிகள் சில வருவதுண்டு. நீலக்கண் வெள்ளை வேண்டும் என்றால் மொஹாவே-லெஸ்ஸர் ஜோடியை நான் சொல்வது இதனால்தான். இரண்டு பக்கமும் மொஹாவே என்றால் குட்டியின் தலையில் சாம்பல் நிறம் தங்கிவிடும்.

படி 3: குட்டிப் படத்தை மறந்து, வளர்ந்த பாம்பைப் பார்ப்பது

விற்பனைப் படங்கள் எல்லாம் முதல் சட்டை உரித்த குட்டியின் படங்கள். அந்த வயதில் எல்லாமே பளபளப்புதான். மூன்று வயதில் எப்படி இருக்கும் என்பதுதான் கேள்வி, ஏனென்றால் நீங்கள் தினமும் பார்க்கப்போவது அதைத்தான்.

பேஸ்டல் குட்டியாக எலுமிச்சை மஞ்சள், வளர வளரப் பழுப்பு ஏறும். பழைய, தேர்ந்தெடுத்து வளர்த்த வழிகளில் மஞ்சள் ஓரளவு தங்கும், சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பேஸ்டலில் தங்காது. பனானா ஆரஞ்சும் இளஊதாவுமாகத் தொடங்கி, வயதாக ஆகக் கறுப்புப் புள்ளிகள் முளைக்கும். சிலருக்கு அந்தப் புள்ளிகள்தான் பிடிக்கும். எனக்குச் சில பாம்புகளில் அழகாகவும் சிலவற்றில் மை தெளித்ததாகவும் தெரியும். ஆக்ஸாந்திக்கின் வெள்ளி நிறம் மெல்லப் பழுப்பாகும். சில வழிகள் இதில் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும் என்ற பெயர் உண்டு.

மாறாக, டெசர்ட் கோஸ்ட் வயதாக ஆக நன்றாகத் தெளியும். என்ச்சி, கிளவுன், பைட் மூன்றும் குட்டியில் காட்டிய குணத்தைப் பெரும்பாலும் பெரிதானபின்பும் காட்டுகின்றன. பைட்டில் ஒரு சூதாட்டம் இருக்கிறது: வெள்ளை எவ்வளவு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒரே கிளட்ச்சில், அதாவது ஒரு தடவை இட்ட முட்டைகளில், கழுத்தோரம் ஒரு பட்டை மட்டும் வெள்ளையாக ஒன்று, தலையைத் தவிர முழுக்க வெள்ளையாக இன்னொன்று என்று வரலாம். முட்டையைக் கீறிப் பார்க்கும் நாளில் பைட் தரும் பரபரப்பை வேறு எதுவும் தருவதில்லை என்று பலர் சொல்வதற்கு இதுதான் காரணம்.

விற்பவரிடம் குட்டியின் தாய் தந்தை படத்தைக் கேளுங்கள். ஃபில்டர் போடாமல் பகல் வெளிச்சத்தில் எடுத்த படமாக இருக்கட்டும்.

படி 4: ஆறு முட்டைக் கணக்கு

பால் பைத்தான் ஒரு தடவைக்குப் பெரும்பாலும் 4 முதல் 8 முட்டை இடும். முதல்முறை இடும் பெண் இதில் கீழ்ப்பக்கம்தான் நிற்கும். ஆறு என்று வைத்துக்கொண்டு மூன்று ஜோடிகளைப் பார்ப்போம்.

இரண்டு பக்கமும் ஹெட் பைட். மலிவான வழி, அதனால் புதியவர்கள் பலர் இதில்தான் இறங்குகிறார்கள். ஒவ்வொரு முட்டைக்கும் பைட் வர கால் பங்கு வாய்ப்பு. ஆறில் ஒன்றுகூட பைட் இல்லாமல் போக 18 சதவீதம் வாய்ப்பு இருக்கிறது, ஏறத்தாழ ஐந்தரைக்கு ஒன்று. மூன்று வருடம் வளர்த்து, ஒரு பருவம் முழுக்கக் காத்திருந்து, ஆறு நார்மல் குட்டிகள்! அதுவும் ‘66% ஹெட்’ என்ற சந்தேகப் பெயரோடு. ஏனென்றால் நார்மலாகத் தெரியும் மூன்றில் இரண்டுதான் ஹெட். எந்த இரண்டு என்று பார்த்துச் சொல்ல முடியாது.

ஒரு பக்கம் பைட், மறுபக்கம் ஹெட் பைட். இப்போது பாதி பைட். ஆறில் ஒன்றும் வராமல் போக 2 சதவீதத்துக்கும் குறைவான வாய்ப்பு. மீதிக் குட்டிகள் அத்தனையும் 100% ஹெட், சந்தேகமே இல்லை. ஒரே ஒரு பாம்பை ஹெட்டிலிருந்து நிறமுள்ளதாக மாற்றியதால் கிடைத்தது இது.

பேஸ்டலும் மொஹாவேயும். கால் பங்கு பேஸ்டல் மொஹாவே, கால் பங்கு பேஸ்டல், கால் பங்கு மொஹாவே, கால் பங்கு வெறும் நார்மல். முதல் வருடமே வண்ணம் தெரியும். ஆனால் இந்த நான்கில் இன்றைய சந்தையில் நின்று பேசக்கூடிய குட்டி ஒன்றும் இல்லை என்பதுதான் நிலைமை. நார்மல் ஆணுக்கு எலி செலவைக்கூட எடுக்க முடியாது. உங்களுக்காக மட்டும், அனுபவத்துக்காக ஒருமுறை என்றால் சரி.

இந்தக் கணக்கையெல்லாம் கையால் போட வேண்டாம். மார்ஃப்மார்க்கெட் என்ற விற்பனைத் தளத்திலேயே மரபணுக் கணிப்பான் இருக்கிறது, தாய் தந்தையை உள்ளிட்டால் விகிதம் வந்துவிடும். அப்புறம் அதே தளத்தில் வரப்போகும் ஒவ்வொரு குட்டி வகையையும் தேடிப் பாருங்கள். விலையைவிட, அதே வகையில் எத்தனை விளம்பரம் கிடக்கிறது, எத்தனை நாளாகக் கிடக்கிறது என்பதைக் கவனியுங்கள். கேட்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நிறைய தூரம்.

படி 5: நான் சொல்லும் ஜோடி

ஒரு ஒடுங்கு மரபணுவை மையமாக எடுத்துக்கொள்ளுங்கள். அதை இரண்டு பக்கமும் வையுங்கள், ஒரு பக்கமாவது நிறம் தெரிவதாக. அதன் மேல் பக்கத்துக்கு ஒன்றாக, எளிதில் அடையாளம் தெரியும் ஒரு ஒற்றை மரபணுவைச் சேருங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

எனக்குப் பிடித்த உதாரணம்: ஆண் பேஸ்டல் கிளவுன், பெண் என்ச்சி ஹெட் கிளவுன். குட்டிகளில் பாதி கிளவுன். பேஸ்டல் பாதிக்கு, என்ச்சி பாதிக்கு. ஆக எட்டு வகை, ஒவ்வொன்றுக்கும் எட்டில் ஒரு பங்கு. உச்சத்தில் பேஸ்டல் என்ச்சி கிளவுன். முதுகில் தெளிவான ஒற்றை வரி, பக்கவாட்டில் கோலம் குறைந்த தூய மஞ்சளும் ஆரஞ்சும். அடியில் நார்மலாகத் தெரியும் குட்டி, அதுவும் 100% ஹெட் கிளவுன். முதலில் சொன்னேனே, மிகச் சாதாரணமான குட்டியிலிருந்து யோசியுங்கள் என்று. இந்த ஜோடியில் அந்தக் குட்டிக்கும் வாங்க ஆள் உண்டு. கிளவுன் திட்டம் தொடங்க நினைக்கும் இன்னொருவர் அதன் பெண் குட்டியை எடுத்துக்கொள்வார்.

கிளவுனுக்குப் பதில் பைட், டெசர்ட் கோஸ்ட் எதை வைத்தாலும் கணக்கு மாறாது. மூன்றில் உங்கள் கண் எதில் நிற்கிறதோ அதை எடுங்கள். அல்பினோவையும் குறை சொல்ல மாட்டேன், ஆனால் அது மேலே அடுக்கும் மரபணுக்களின் கறுப்பையெல்லாம் அழித்துவிடும். என்ச்சி சேர்ந்ததா பேஸ்டல் சேர்ந்ததா என்று குட்டியைப் பார்த்துச் சொல்லப் புதியவருக்கு வராது.

‘எளிதில் அடையாளம் தெரியும்’ என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பெயர் சொல்ல முடியாத குட்டியை நேர்மையாக விற்க முடியாது. யெல்லோபெல்லி நல்ல மரபணு, சூப்பரும் பல கூட்டுகளும் அருமை. ஆனால் ஒற்றைப் பிரதியில் அது இருப்பதே அனுபவக் கண்ணுக்குத்தான் தெரியும். நான்கு ஐந்து மரபணு குவிந்த ஆணை வாங்கினால், பொரித்த குட்டிகளில் எதில் எது என்று தெரியாமல் படம் எடுத்து ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

ஒடுங்கு மரபணுவே வேண்டாம், காத்திருக்கப் பொறுமை இல்லை என்பவர்களுக்கு மொஹாவே-லெஸ்ஸர். நீலக்கண் வெள்ளைக் குட்டி பாம்பு பிடிக்காதவரையும் நின்று பார்க்கவைக்கும்.

பனானாவைப் பற்றித் தனியாக

பனானாவில் ஒரு விசித்திரம் உண்டு, தெரியாமல் வாங்கினால் ஏமாந்ததாகத் தோன்றும். பாம்புகளில் எல்லாம் பறவைகளைப் போல இசட்-டபிள்யூ முறையில்தான் பாலினம் தீர்மானமாகிறது என்று நீண்ட காலம் நம்பியிருந்தார்கள். மலைப்பாம்புகளில் நம்மைப் போல எக்ஸ்-ஒய் முறை இருக்கிறது என்று 2017-ல் வெளியான ஆய்வு காட்டியது. வளர்ப்பவர்கள் அதற்கு முன்பே பனானாவில் ஏதோ சரியில்லை என்று கவனித்திருந்தார்கள். பனானா மரபணு பாலின நிறப்புரியில், பாலினத்தைத் தீர்மானிக்கும் பகுதிக்கு அருகே உட்கார்ந்திருக்கிறது.

விளைவு இதுதான். ஒரு பனானா ஆண் தன் தந்தையிடமிருந்து அந்த மரபணுவைப் பெற்றிருந்தால் அது ஒய்-யில் இருக்கும். அவன் பெறும் பனானாக் குட்டிகளில் மிகப்பெரும்பாலானவை ஆண். இவனை ‘மேல் மேக்கர்’ என்பார்கள். தாயிடமிருந்து பெற்றிருந்தால் அது எக்ஸ்-ல் இருக்கும். பனானாக் குட்டிகள் பெரும்பாலும் பெண், அவன் ‘ஃபீமேல் மேக்கர்’. பனானா பெண்ணிடம் இந்தச் சாய்வு இல்லை. சந்தையில் பெண் குட்டிக்கே மதிப்பு அதிகம் என்பதால், பனானா ஆண் வாங்கும்போது இவன் யாரிடமிருந்து மரபணு வாங்கினான் என்று கேட்டே ஆக வேண்டும். பதில் தெரியாது என்றால் விலையில் தெரியட்டும்.

படி 6: பணத்தை எந்தப் பக்கம் போடுவது

பணத்தை ஆணில் போடு என்பது வளர்ப்பவர்களிடையே பழைய வாக்கு. ஓர் ஆண் ஒரே பருவத்தில் பல பெண்களோடு சேரும், ஒன்றரை வயதில் 700 கிராம் தொட்டால் தயாராகிவிடும். எனவே புதிய நிறம் ஆண் வழியாக வருவது வேகம். ஆனால் ஒடுங்கு மரபணுத் திட்டத்தில் இந்த வாக்கு பாதிதான் சரி. அழகான கிளவுன் ஆணை வாங்கி மலிவான நார்மல் பெண்ணோடு சேர்த்தால் கிளட்ச் முழுக்க ஹெட். நிறம் பார்க்க இன்னும் மூன்று வருடம். பெண்ணும் குறைந்தது ஹெட்டாக இருக்க வேண்டும்.

பெண்ணுக்கு என் அளவு 1,500 கிராமும் மூன்று வயதும். இரண்டும் வேண்டும், ஒன்று போதாது. இரையைத் திணித்து இரண்டு வருடத்தில் எடையைத் தொடவைப்பது ஈரலில் கொழுப்பு ஏற்றுவதில்தான் முடியும். வளர்ந்த பெண்ணை வாங்கிவிட்டால் காத்திருப்பு மிச்சம் என்று தோன்றும். ஆனால் நன்றாக முட்டையிடும் பெண்ணை யாரும் சும்மா விற்பதில்லை. ஏன் விற்கிறார், கடைசியாக எப்போது முட்டையிட்டது, எத்தனை நல்ல முட்டை, இப்போது எதை, எவ்வளவு நாளுக்கொருமுறை தின்கிறது என்று கேளுங்கள். என் யோசனை, பெண்ணை ஒரு வயது தாண்டிய நல்ல தீனிக்காரியாகவும், ஆணை அதற்கு ஒரு வருடம் கழித்துக் குட்டியாகவும் வாங்குவது. இடைப்பட்ட வருடத்தில் சந்தை எப்படிப் போகிறது என்று பார்த்து ஆணைத் தேர்ந்தெடுக்கலாம், இரண்டும் ஒரே நேரத்தில் தயாராகும்.

படி 7: வாங்கும் நாள்

மரபணு எவ்வளவு அருமையாக இருந்தாலும் பாம்பு நோயாளி என்றால் எல்லாம் வீண். முதுகெலும்பை விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள், மேடு பள்ளம் இருக்கக்கூடாது. மூச்சில் சத்தம், வாயில் நுரை, கண்ணோரமும் தாடை அடியிலும் ஊரும் கறுப்புப் புள்ளிகளான உண்ணிகள், இவற்றில் ஒன்று இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். நிடோவைரஸ் மலைப்பாம்புகளில் சுவாச நோயைக் கொண்டுவருகிறது, வெளியே தெரியாமலும் இருக்கும். வாயில் பஞ்சுக்குச்சியால் எடுத்த மாதிரியை வைத்துப் பிசிஆர் சோதனை செய்யலாம். புதுப் பாம்பு மூன்று மாதமாவது வேறு அறையில் இருக்கட்டும்.

பாலினத்தை விற்பவர் சோதித்துச் சொன்னாலும், அனுபவமுள்ள ஒருவரைக் கொண்டு இன்னொருமுறை பாருங்கள். இரண்டு ஆண்களை வைத்துக்கொண்டு முட்டைக்குக் காத்திருந்தவர்கள் உண்டு.

ஹெட் என்று சொல்லி விற்பதை எப்படி நம்புவது? முன்பு ஆளைப் பார்த்து நம்ப வேண்டியிருந்தது. இப்போது உரித்த சட்டையில் ஒரு துண்டை அனுப்பினால் கிளவுன், பைட், அல்பினோ போன்ற பல மரபணுக்களுக்குச் சோதித்துச் சொல்லும் ஆய்வகங்கள் அமெரிக்காவில் இருக்கின்றன. இந்தச் சோதனைக்கு அடிப்படையான ஆராய்ச்சிகளிலும் வளர்ப்பவர்கள் அனுப்பிய சட்டைகள்தான் உதவின. வயிற்றோரக் கோட்டைக் காட்டி ‘இது ஹெட் பைட்டின் அடையாளம்’ என்பார்கள். அதற்குக் காசு கொடுக்காதீர்கள். 66%, 50% ஹெட்களை நார்மல் விலைக்கு மேல் வாங்காதீர்கள். வாங்கினால் சோதித்துவிடுங்கள்.

சட்டம்

பால் பைத்தான், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் உள்ள இனம், நாடு விட்டு நாடு போகத் தாள்கள் வேண்டும். இந்தியாவில் 2022 வனவுயிர் பாதுகாப்புத் திருத்தச் சட்டத்துக்குப்பின் இத்தகைய அயல் இனங்களை வைத்திருப்பதையும், கைமாற்றுவதையும், அவை குட்டி போடுவதையும் பதிவு செய்ய வேண்டும். 2024-ல் வந்த விதிகளின்படி இந்தப் பதிவு மத்திய அரசின் பரிவேஷ் இணையதளம் வழியாக நடக்கிறது. பாங்காக்கிலிருந்து பெட்டியில் மறைத்துக் கொண்டுவந்த பால் பைத்தான்கள் சென்னை விமான நிலையத்தில் சுங்கத்துறையிடம் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. அந்த வழியில் வந்த பாம்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் அதன் குட்டிக்கும் தாள் கிடையாது. சிங்கப்பூரில் பாம்பு வளர்க்கவே அனுமதி இல்லை. ஆஸ்திரேலியாவில் அயல்நாட்டுப் பாம்புகளுக்கு அனுமதி இல்லை, ஹவாயில் எந்தப் பாம்புக்கும் இல்லை. இங்கிலாந்தில் வளர்க்க உரிமம் வேண்டாம், ஆனால் வியாபாரமாக விற்கத் தொடங்கினால் உள்ளூராட்சி உரிமம் வேண்டும்.

குட்டிகள் வந்தபின்

வட அமெரிக்காவில் நவம்பர் வாக்கில் ஜோடி சேர்க்கத் தொடங்குகிறார்கள். முட்டையிடும் முன் பெண் ஒருமுறை சட்டை உரிக்கும்; அதிலிருந்து ஏறத்தாழ ஒரு மாதத்தில் முட்டை. 31 முதல் 32 டிகிரி செல்சியஸில் 55 முதல் 60 நாளில் பொரிக்கும். ஒவ்வொரு குட்டிக்கும் தனிப் பெட்டி, தனித் தண்ணீர்க் கிண்ணம். முதல் சட்டை உரித்தபின் இரை வையுங்கள். ஐந்து முறையாவது ஒழுங்காகத் தின்ற பின்பே விற்பனைக்கு வையுங்கள். சில குட்டிகள் மாதக்கணக்கில் பட்டினி கிடந்து உங்களைப் படுத்தும்.

விளம்பரம் போடும் முன் எல்லாக் குட்டியின் பாலினத்தையும் பார்த்து, ஒன்றை உங்களுக்கென்று எடுத்து வையுங்கள். மேலே சொன்ன ஜோடியில் என்றால் நான் என்ச்சி கிளவுன் பெண்ணை வைத்துக்கொள்வேன், பேஸ்டல் என்ச்சி கிளவுன் ஆண் வந்திருந்தாலும்கூட. ஆணை எந்த வருடமும் வாங்கிவிடலாம். மூன்று வருடத்தில் அவள் தயாராகும்போது, அவளுடைய தந்தையோடு சேர்க்காமல், இரத்த உறவில்லாத ஒரு கிளவுன் ஆணை அவளுக்குப் பாருங்கள். அந்த கிளட்ச்சில் வருவதெல்லாம் கிளவுன்தான்.